பாதியாக்கும் கணக்கு
(அடுக்குக்குறியும் வர்க்கமூலமும் - ஒரு பாடம்)

நம் இல்லத்துப் பிள்ளைகள் உயர்நிலை வகுப்புகளில் கணிதத்தில் இடறும் இடங்களுள் அடுக்குக்குறியும் வர்க்கமூலமும் முதன்மையானவை. "பெருக்கினால் அடுக்குகளைக் கூட்டுக, வகுத்தால் கழிக்க, அடுக்கு பூச்சியமாயின் விடை ஒன்று" என்று விதிகளை மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்த மறுவாரமே அவ்விதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இதில் பிள்ளைகளைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இரண்டை ஒருமுறைகூட எடுத்துக்கொள்ளவில்லை என்றால் ஒன்றுமே இல்லை என்றுதானே ஆக வேண்டும்? ஒன்று என்பது எப்படி வரும்?" என்று வினவினாள். "அது விதி, எழுதிக்கொள்" என்று சொல்லி அவளை அமர்த்திவிட்டேன். அவ்வாண்டு முடியும்வரை அவள் வேறு வினா எதுவும் கேட்கவில்லை. பின்னாளில் ஆசிரியர் பயிற்சி பெறுவோருக்குக் கற்பித்தபோதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் என் முன் வந்து நின்றது. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை நம் ஆசாரியர்களின் நூல்களிலேயே உண்டு என்பதைப் பணி ஓய்வுக்குப் பின்னரே அறிந்தேன். அதனையே இங்குப் பாடமாக எழுதுகிறேன்.

1. அர்த்தச்சேதம்

ஷட்கண்டாகமத்திற்கு வீரசேனாசாரியர் இயற்றிய தவளா என்னும் பேருரை ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மூடபித்ரியில் ஓலைச்சுவடிகளாகக் காக்கப்பெற்ற அவ்வுரை, 1939 முதல் 1958 வரை 16 தொகுதிகளாக அச்சேறியது. அதில் 'அர்த்தச்சேதம்' என்றொரு சொல் வருகிறது. 'அர்த்தம்' என்பது இங்குப் பாதி. 'சேதம்' என்பது வெட்டு. ஓர் எண்ணை ஒன்று எஞ்சும்வரை எத்தனை முறை பாதியாக்கலாமோ, அத்தனை அதன் அர்த்தச்சேதம் எனப்படும்.

எட்டை எடுத்துக்கொள்வோம். எட்டின் பாதி நான்கு, நான்கின் பாதி இரண்டு, இரண்டின் பாதி ஒன்று. மூன்று வெட்டுகள், ஆகவே எட்டின் சேதம் 3. இதனையே நம் பாடநூல் 8 = 2³ என்று எழுதுகிறது. கீழ்க்காணும் அட்டவணையைப் பிள்ளைகள் தம் கையாலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.

எண்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256
சேதம்: 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8

இப்போது அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம். ஒன்று எஞ்சும்வரை வெட்ட வேண்டும் என்பதே நம் ஏற்பாடு. கையில் இருப்பதே ஒன்றாயின் எத்தனை முறை வெட்ட வேண்டும்? ஒருமுறையும் வேண்டா. ஆகவே ஒன்றின் சேதம் பூச்சியம்; அதாவது 2⁰ = 1. பூச்சியம் என்பது வெட்டுகளின் எண்ணிக்கை. அது எஞ்சிய பொருள் அன்று. இவ்வேறுபாட்டை ஒரு சுண்ணக்கட்டியை உடைத்துக் காட்டியே நான் அவளுக்கு விளக்கியிருக்கலாம்.

2. விதிகள் தாமே வருதல்

அட்டவணையில் 8-ஐயும் 16-ஐயும் பெருக்கினால் 128. சேதங்களைப் பாருங்கள்: 3, 4, 7. பெருக்கிய எண்ணை ஒன்றாக்க, இரு எண்களுக்கும் உரிய வெட்டுகள் அனைத்தும் வேண்டும்; ஆதலால் சேதங்கள் கூடுகின்றன. 256-ஐ 32-ஆல் வகுத்தால் 8. சேதங்கள் 8, 5, 3. வகுத்தலில் அவை கழிகின்றன. இவ்விரு விதிகளையும் வீரசேனர் தெளிவாகக் கையாள்கிறார். மூன்று மூன்றாக வெட்டுவதற்குத் திரிகச்சேதம் என்றும், நான்கு நான்காக வெட்டுவதற்குச் சதுர்த்தச்சேதம் என்றும் பெயரிட்டுள்ளார்.

ஓர் எண்ணை அவ்வெண்ணின் அளவுக்கே அடுக்காக உயர்த்துவதை அவர் 'வர்க்கித சம்வர்க்கிதம்' என்கிறார். இரண்டில் தொடங்கினால் முதல்முறை 2² = 4; இரண்டாம்முறை 4⁴ = 256; மூன்றாம்முறை 256-இன் அடுக்கு 256. மூன்றே படிகளில் 617 இலக்கங்கள் கொண்ட எண் வந்துவிடுகிறது. அதனை எழுதி முடிக்க ஒரு முழுப் பக்கம் வேண்டும். ஆனால் அதன் சேதத்தை வாய்க்கணக்காகவே சொல்லிவிடலாம்: 256-இன் சேதம் 8; அது 256 முறை பெருக்கப்படுவதால் 8 × 256 = 2048. அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும் என்னும் விதி இதுவே.

3. மூலம் என்பது சேதத்தின் பாதி

16-ஐ வர்க்கமாக்கினால் 256. சேதம் 4 என்பது 8 ஆகிறது. வர்க்கம் சேதத்தை இரட்டிக்கிறது. ஆகவே வர்க்கமூலம் சேதத்தைப் பாதியாக்க வேண்டும். 256-இன் மூலம் 16. அதன் மூலம் 4. அதன் மூலம் 2. சேதங்கள் 8, 4, 2, 1.

சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான அனுயோகத்வார சூத்திரம் இவற்றை முதல் மூலம், இரண்டாம் மூலம், மூன்றாம் மூலம் என வரிசைப்படுத்துகிறது. முதல் மூலத்தை இரண்டாம் மூலத்தால் பெருக்கினால் இரண்டாம் மூலத்தின் கனம் கிடைக்கும் என்பது அதில் காணும் கருத்து. சோதித்துப் பார்ப்போம்: 16 × 4 = 64; 4-இன் கனமும் 64. சேதத்தில் பார்த்தால் 4 + 2 = 6. அதே நூல் மனிதர் தொகையைக் கூறுமிடத்தில், இரண்டின் ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கிய எண் என்றும், 96 முறை பாதியாக்கத் தக்க எண் என்றும் சொல்கிறது. ஆறாம் வர்க்கத்தின் சேதம் 64, ஐந்தாம் வர்க்கத்தின் சேதம் 32, கூட்டினால் 96. அவ்வெண்ணுக்கு 29 இலக்கங்கள்.

சேதம் ஒற்றைப்படையாயின் என் செய்வது? 8-இன் சேதம் 3. அதன் பாதி 1½. ஒரு முழு வெட்டுக்கு 2; அரை வெட்டுக்கு √2. ஆகவே √8 = 2√2. பின்ன அடுக்கு என்பதில் மிரள வேண்டியது எதுவுமில்லை.

இதனை ஜம்பூத்வீபத்தின் கணக்கிலும் காணலாம். அதன் விட்டம் ஒரு லட்சம் யோஜனை. விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி மூலம் எடுத்தால் சுற்றளவு என்பது ஜைன நூல்களின் முறை. விட்டத்தின் வர்க்கம் 10¹⁰. பத்தால் பெருக்க 10¹¹. பதினொன்றின் பாதி 5½. ஆகவே மூலம் 10⁵ × √10. இது முழு எண்ணாக முடியாது. 316227-ஐ வர்க்கமாக்கினால் 99999515529, மீதி 484471. மூலத்தின் இருமடங்கான 632454-ஆல் அம்மீதியை வகுத்து, 4 குரோசம் ஒரு யோஜனை, 2000 தனுசு ஒரு குரோசம், 96 அங்குலம் ஒரு தனுசு என்று இறங்கினால் 316227 யோஜனை, 3 குரோசம், 128 தனுசு, 13½ அங்குலத்திற்குச் சற்று மேல் என வரும். நூல்கள் கூறும் அளவும் இதுவே. இக்காலப் பாடநூலில் உள்ள 3.1416-ஐவிட √10 சிறிது மிகுதி (3.1623) என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

4. இடறும் இடங்கள்

முதலாவது: சேதம் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது, கூட்டலுக்கு உரியதன்று. 8 + 16 = 24; அது 2⁷ ஆகாது. அவ்வாறே √(9 + 16) என்பது √25, அதாவது 5. தனித்தனியே மூலம் எடுத்து 3 + 4 = 7 என்று எழுதும் பிழையை நான் ஆயிரக்கணக்கான விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது: 16-ஐ வர்க்கமாக்கினாலும் -16-ஐ வர்க்கமாக்கினாலும் 256 தான். ஆனால் √ என்னும் குறி மிகை எண்ணை மட்டுமே சுட்டும். எந்த எண்ணை வர்க்கமாக்கினாலும் குறை எண் வாராமையால் குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று மகாவீராசாரியர் தம் கணித சார சங்கிரகத்தில் காரணத்தோடு கூறினார். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் எழுந்த அந்நூலை ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912-இல் சென்னையில் அரசு அச்சகம் வெளியிட்டது. மேல்வகுப்பில் கற்பனை எண்கள் என்று ஒரு புதிய எண்வகையை அமைத்துக்கொள்வர். பள்ளிப் பாடத்தின் எண்களுக்கு ஆசாரியர் கூற்று இன்றும் பொருந்தும்.

மூன்றாவது, பெரியவர்கள் இடறும் இடம்: "மடக்கையை நாமே முதலில் கண்டோம்" என்று மேடையில் முழங்குவது. நேப்பியர் 1614-இல் வெளியிட்டது எல்லா எண்களுக்கும் கணக்கிடப் பயன்படும் மடக்கை அட்டவணை. அர்த்தச்சேதம் அத்தகைய அட்டவணை அன்று. ஆயினும் அதன் அடிக்கருத்து இதில் தெளிவாக உள்ளது. உள்ளதை உள்ளவாறு கூறினாலே நம் முன்னோர்க்குப் பெருமை போதும்.

5. பயிற்சி

(அ) 32 × 8-ஐச் சேதத்தைக் கொண்டு காண்க.
(ஆ) 65536-இன் சேதம் 16. அதன் முதல் மூன்று மூலங்களைக் காண்க. இரண்டாம் மூலத்தை மூன்றாம் மூலத்தால் பெருக்கினால் எதன் கனம் வரும்?
(இ) √(36 + 64) எவ்வளவு?
(ஈ) ஒன்றையும் ஒருமுறை பாதியாக்கினால் சேத வரிசையில் பூச்சியத்திற்கு முன் எந்த எண்ணை எழுத வேண்டும்?

விடைகள்: (அ) 5 + 3 = 8; ஆகவே 256. (ஆ) 256, 16, 4; 16 × 4 = 64, அது மூன்றாம் மூலமாகிய 4-இன் கனம். (இ) 10. (ஈ) -1; அதாவது ½ = 2⁻¹.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் பாடம் சொல்லும்போது பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், விடை தெரியாவிட்டாலும் "அது விதி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நாளை இருவருமாகப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நான் அன்று அவ்வாறு சொல்லவில்லை.