பாசியும் நுண்ணுயிர்க்கொல்லியும்

ரப்பர் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்று 1978இல் நம் நாட்டில் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. கழிவுநீர்க் குட்டையில் படரும் பச்சைப் பாசி அப்பணிக்குத் துணைநிற்கிறது. வெயிலில் அது வெளியிடும் பிராணவாயுவைக் கொண்டே பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. கோத்தா திங்கி வட்டாரத்து ஓடைகள் பல ஜொகூர் ஆற்றைச் சேர்கின்றன. அவ்வாற்று நீரை ஜொகூர் மக்களும் சிங்கப்பூர் மக்களும் பருகுகின்றனர். அத்தகைய நீரில் ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்தால் பாசிக்கு என்ன நேரும்?

முதலில் நொதி என்பது யாதெனக் காண்போம். உயிர்களின் உடலில் நிகழும் மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதமே நொதி. மெல்லும் சோறு இனிப்பதும், பால்மரத்தில் ரப்பர் உண்டாவதும் நொதியின் செயலே. பாசி சில நொதிகளைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். சிலவற்றை வெளியே சுரக்கும். நீரில் பாஸ்பேட் சத்து குறையும்போது பல பாசிகள் பாஸ்படேஸ் என்னும் நொதியைச் சுரந்து, மட்கிய பொருள்களிலிருந்து அச்சத்தைப் பிரித்துக்கொள்கின்றன.

பாசியின் உயிரணுவில் புரதம் செய்யும் நுண்ணிய பட்டறைகள் உள்ளன. பச்சையத் துகளுக்குள் இருப்பவை பாக்டீரியாவின் பட்டறைகளை ஒத்தவை. ஆகவே பாக்டீரியாவை அடக்கும் ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால் முதலிய மருந்துகள் இவற்றையும் தாக்குகின்றன. கரியமிலவாயுவை உணவாக்கும் ரூபிஸ்கோ நொதியின் பெரிய கூறு இங்குதான் உருவாகிறது. யூக்ளினா என்னும் பச்சை நுண்ணுயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தால் அது வெளிறிவிடும் என்பதை 1948இல் அமெரிக்க அறிஞர்கள் கண்டனர். அதன் வழிவந்தவையும் பச்சை இன்றியே பிறந்தன.

வெளியே சுரக்கப்படும் பாஸ்படேஸ் போன்றவை பச்சையத் துகளுக்கு வெளியேயுள்ள பட்டறைகளில் உருவாகின்றன. குளோராம்பெனிகால் அவற்றை நேரே தடுப்பதில்லை; ஆயினும் உணவு குன்றிய பாசி நெடுநாள் சுரக்க இயலாது. சைக்ளோஹெக்சிமைடு என்பதோ அப்பட்டறைகளையே நிறுத்திவிடும். டியூனிகாமைசின், நொதியோடு சர்க்கரைச் சங்கிலி இணைவதைத் தடுக்கும். அதனால் சில நொதிகள் உருவாகியும் செவ்வனே வெளிவர மாட்டா.

ஒரு மாத்திரையால் குட்டை அழிந்துவிடாது. ஆனால் பல வீடுகளிலிருந்தும் கோழிப் பண்ணைகளிலிருந்தும் மருந்து இடைவிடாது நீரில் சேர்ந்தால் பாசி தளரும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகும். அத்தகைய கிருமி நம் பிள்ளையின் புண்ணில் புகுந்தால், அதே மருந்து பயன் தராது.

எனவே, மருத்துவர் கூறிய அளவிலும் நாளிலும் மருந்தை உட்கொள்வோம். எஞ்சியதைக் கால்வாயில் எறியாமல் அரசாங்க மருந்தகத்தில் ஒப்படைப்போம். நீரைக் காப்பது நம்மைக் காப்பதாகும்.