ஓடுகளமும் வகுப்பறையும்

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்பது பழமொழி. கல்லூரியில் படித்துக்கொண்டே களத்திலும் ஓடும் மாணவனைப் பார்த்து இதைச் சொல்லாதவர் அரிது. நான் வரலாறு படிப்பவன். 1,500 மீட்டர் ஓடுபவன். ஆதலால் இப்பழமொழியை வீட்டிலும் கேட்டிருக்கிறேன், வகுப்பிலும் கேட்டிருக்கிறேன். படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்னும் எண்ணம் சரிதானா என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

மலை தந்த முதல்

எங்கள் ஊர் பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கும் அப்பால், பூண்டு விளையும் சரிவில் இருக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. இக்குறையை ஈடுசெய்யச் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் சுரப்பை மிகுதியாக விடுகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. 1968-இல், 2,240 மீட்டர் உயரமுள்ள மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, கென்யாவின் மேட்டுநிலத்தில் வளர்ந்த கிப் கெய்னோ 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு மேடேறி நடந்தே பெறுவதும் இத்தகைய முதல்தான்.

ஆனால் இம்முதல் நிலையானது அன்று. கீழே வந்து விடுதியில் தங்கிய சில வாரங்களில், கூடுதலாகப் பெருகிய சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். வயதும் அப்படியே. ஓட்டக்காரனின் கால்கள் முப்பதை ஒட்டித் தளரத் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு பெறுவதோ அறுபதில். இடையில் உள்ள முப்பது ஆண்டுகளை எதைக்கொண்டு ஓட்டுவது? இதுதான் எங்களைப் போன்றோர் முன் உள்ள கேள்வி.

மூன்றாண்டுக் கணக்கு

உடல் வேகம் பெறும் வயதும் பட்டம் பெறும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. ஒரு பருவத்தில் 90 வேலைநாட்கள் என்றால், 75 விழுக்காடு வருகைக்கு 68 நாட்கள் வேண்டும். பயிற்சி முகாம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, பல்கலைக்கழக அணித் தேர்வு, பிறகு வெளிமாநிலப் பயணம் என்று நாட்கள் கரைந்துவிடும். ஓ.டி. கிடைத்தால் வருகைப் பதிவேடு நிரம்பும்; அன்று நடந்த பாடம் மனத்தில் நிரம்பாது. இந்த வேறுபாட்டை உணராதவர்களே அரியர் வைக்கிறார்கள்.

சான்றிதழும் பட்டமும்

"விளையாட்டில் சாதித்தால் வேலை தானே வரும்" என்பது நம்மிடையே உள்ள நம்பிக்கை. உண்மை நிலையைப் பார்ப்போம். தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசும் 1980-ஆம் ஆண்டு ஆணை முதல் விளையாட்டு வீரர்களைப் பணியில் சேர்த்து வருகிறது. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 3 எனச் சான்றிதழ்கள் வகுக்கப்பட்டுள்ளன. கல்லூரி விழாவில் வாங்கிய கோப்பைக்கு இப்பட்டியலில் இடமில்லை.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பட்டம் கேட்கும் பதவிக்கு ஒதுக்கீட்டில் வந்தவரும் பட்டம் காட்டியாக வேண்டும். உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் படிக்கும் பி.பி.எட். படிப்புக்கும் முதலில் ஓர் இளநிலைப் பட்டம் வேண்டும். மற்றொன்று, படிவம் 3 பெற வேண்டுமானால் மாணவராக இருந்தால்தான் முடியும். ஆகவே, எங்களில் பலருக்கு வகுப்பறையே களத்தின் வாசல்.

எங்கள் ஊரில் எனக்கு முன்னே ஓடிய அண்ணன் ஒருவர் உண்டு. அவருடைய வேகத்தை நான் இன்றுவரை எட்டவில்லை. "ஓட்டம் ஒன்றே போதும்" என்று இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டார். அத்துடன் பல்கலைக்கழக அணியும் கைவிட்டுப் போயிற்று. இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் கார் ஓட்டுகிறார். அத்தொழிலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் விரும்பிய தொழில் அது அன்று.

இருவர் காட்டிய வழி

1954 மே 6 அன்று, ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் முடித்த முதல் மனிதர் ஆனார் ரோஜர் பானிஸ்டர். அப்போது அவர் இலண்டனில் மருத்துவ மாணவர். மதிய உணவு இடைவேளைதான் அவருடைய பயிற்சி நேரம். அவ்வாண்டு இறுதியிலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நரம்பியல் மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றினார்.

அவர் வசதி உள்ள நாட்டவர் என்பீர்கள். நம் அருகில் மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைப் பாருங்கள். சிறுவயதில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். தொடக்கத்தில் வெறுங்காலுடன் ஓடியவர். பயிற்சியாளர் கண்ணன் அவரை ஓட்டத்தில் மட்டும் சேர்க்கவில்லை. மதுரை லேடி டோக் கல்லூரியிலும் சேர வழி செய்தார். பின்னர் தென்னக ரயில்வேயில் வேலை கிடைத்தது. 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் அவர் இந்தியாவுக்காக ஓடினார். அந்தச் சுற்றோடு அணி வெளியேறியது. பதக்கம் இல்லாமல் திரும்பியவருக்கும் வேலை இருந்தது என்பதே நாம் மனத்தில் கொள்ள வேண்டியது.

செய்ய வேண்டியவை

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டி நாட்களின் பட்டியலை உடற்கல்வி இயக்குநர் பருவத் தொடக்கத்திலேயே துறைகளுக்கு அனுப்பினால், உள்தேர்வை எழுத இயலாதவருக்கு மறுதேர்வு நாளை முன்கூட்டியே குறித்துவிடலாம். சலுகை மதிப்பெண் வேண்டா. எழுத ஒரு வாய்ப்பு போதும்.

விளையாட்டு மாணவர்களும் சில கடமைகளை ஏற்க வேண்டும். ஓ.டி. நாளின் பாடக்குறிப்பை அந்த வாரத்துக்குள் நண்பரிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். ரயில் பயணத்தில் சீட்டாட்டத்துக்கு உள்ள நேரத்தில் பாதியைப் புத்தகத்துக்குத் தரலாம். முதல் பருவத் தாளை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளக் கூடாது. சான்றிதழ் எந்தப் படிவத்தில், யார் கையொப்பத்துடன் வேண்டும் என்பதைப் போட்டி முடிந்தவுடன் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்த ஜூனில் மலையிலிருந்து இறங்கி இக்கல்லூரிக்கு வரும் தம்பி தங்கைகளே! மைதானத்துக்கு வரும் முதல் நாளிலேயே நூலக அட்டையையும் வாங்கிவிடுங்கள். இரண்டும் உங்களுக்கு உரியவை.