முதல் வகை நீரிழிவும் பிறந்தநாள் விழாவும்: பெற்றோருக்கு ஒரு திட்டம்

முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் முதலாண்டில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பிறந்தநாளுக்குக் கேக் வெட்டலாமா, டாக்டர்?” வெட்டலாம். குழந்தையும் அதை உண்ணலாம். இன்சுலின் செலுத்திக்கொள்ளும் குழந்தைக்கு அடியோடு விலக்கப்பட்ட உணவு என்று எதுவும் இல்லை. உண்ணும் மாவுச்சத்தின் அளவும் செலுத்தும் இன்சுலினின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அவ்வளவுதான். நோய் வந்தபின் பிறந்தநாளையே கைவிட்ட குடும்பங்கள் உள்ளன. தம்பிக்குக் கேக்கும் தனக்கு ஆப்பிள் துண்டும் வைக்கப்படுவதைக் காணும் குழந்தை, நோயைத் தனக்கு இடப்பட்ட தண்டனையாகவே எண்ணும். பின்னாளில் ஒளித்து உண்பதும், உண்டதை மறைப்பதும், ஊசியைத் தவிர்ப்பதும் பலமுறை இங்கிருந்தே தொடங்குகின்றன.

இன்சுலின் வருவதற்கு முன், இந்நோய் கண்ட குழந்தைகளைப் பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துச் சிறிது காலம் உயிர்காப்பதே மருத்துவத்தால் இயன்றது. 1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில், லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஃபிரெடெரிக் பேண்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளே உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் அதுவே குழந்தைகள் நாளாகவும் அமைந்தது தற்செயல்தான். எனினும் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்.

விழா நாளில் குழந்தையின் சர்க்கரை தடுமாறுவதற்குக் கேக்கைக் காட்டிலும் கடிகாரமே பெரிய காரணம். மாலை ஆறரை மணி என்று அழைத்தால் எட்டு மணிக்குக் கேக் வெட்டும் வழக்கம் நம்முடையது. மாமா இன்னும் வரவில்லை, புகைப்படக்காரர் வழியில் இருக்கிறார் என்று நேரம் நகரும். ஆறேகாலுக்கே ஊசி போட்டுவிட்ட குழந்தை, வெறும் வயிற்றுடன் ஓடியாடிக் கொண்டிருக்கும். ஏழு மணிக்கு அதன் சர்க்கரை 60க்கு இறங்கியிருக்கக்கூடும்.

ஆகவே முதல் விதி: உணவு கண்ணெதிரே தட்டில் வந்து, வெட்டும் நேரமும் உறுதியான பின்னரே ஊசி. விரைந்து செயல்படும் இன்சுலின் வகையாயின், உண்பதற்கு 10 முதல் 15 நிமிடம் முன்பு போதும். எவ்வளவு உண்ணும் என்று கணிக்க இயலாத சிறு குழந்தைக்கு, உண்டு முடித்தவுடன் செலுத்துவதையும் உங்கள் மருத்துவர் அனுமதிக்கலாம். சாதாரண இன்சுலினாயின் 30 நிமிட இடைவெளி தேவை. அப்போது வெட்டும் நேரத்தை எவருக்காகவும் தள்ளிவைத்தல் கூடாது. காலையும் இரவும் கலவை இன்சுலின் போடும் குழந்தைகளுக்கு எளிய வழி ஒன்றுண்டு. நாள்தோறும் சிற்றுண்டியோ இரவு உணவோ கொடுக்கும் அதே நேரத்தில் விழாவை வையுங்கள். கேக் அந்த உணவின் ஒரு பகுதிக்கு மாற்றாகட்டும், கூடுதலாக வேண்டாம்.

கேக்கின் கணக்கு

ஒரு கிலோ கேக்கை 20 துண்டுகளாக்கினால் ஒரு துண்டு 50 கிராம். கிரீம் தடவிய சாதாரண கேக்கில் ஏறக்குறையப் பாதி எடை மாவுச்சத்து என்று கொள்ளலாம்; ஆக ஒரு துண்டுக்கு 25 கிராம். நடுத்தர அளவுச் சமோசா ஒன்றில் ஏறத்தாழ 20 கிராம். இரண்டும் சேர்ந்து 45. உங்கள் குழந்தைக்கு 15 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்று மருத்துவர் வகுத்திருந்தால், தேவை 3 யூனிட். இந்த 15 என்பது எடுத்துக்காட்டுக்காகச் சொன்னது. ஒவ்வொரு குழந்தைக்கும் எண் வேறு. உங்கள் குறிப்பேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். சிப்ஸ், பிஸ்கட் போன்ற பொட்டலப் பண்டங்களில் 100 கிராமுக்கான கார்போஹைட்ரேட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் மதியமே எடைபோட்டு, ஒரு தாளில் எழதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடலாம். மாலையில் கணக்குப் போட யாருக்கும் நேரம் இராது.

ஆனால் நம் வீடுகளில் கணக்கைக் குலைப்பது அந்த ஒரு துண்டு அன்று. கேக் வெட்டியதும் பாட்டி, அத்தை, சித்தப்பா, அடுத்த வீட்டார் என ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு துண்டு ஊட்டுவார்கள். பதினைந்து பேர் ஊட்டியபின் குழந்தை உண்டது எவ்வளவு என்று எவராலும் சொல்ல இயலாது. ஊட்டுவதைத் தடுக்க வேண்டியதில்லை. அதில் அன்பு இருக்கிறது, புகைப்படமும் இருக்கிறது. குழந்தைக்குரிய ஒரு துண்டை முன்கூட்டியே தனித்தட்டில் வைத்துவிடுங்கள். வருபவர் அனைவரும் அத்தட்டிலிருந்தே கிள்ளி ஊட்டட்டும். தட்டு காலியானால் ஊட்டலும் முடிந்தது.

பானங்களைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. 200 மில்லி மாம்பழச்சாறுப் பொட்டலம் ஒன்றில் ஒரு துண்டுக் கேக்குக்கு நிகரான சர்க்கரை உண்டு. கேக் தரும் மகிழ்ச்சியோ அதில் இல்லை. நீர்மோரும், உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் அனைவருக்கும் வைத்தால் எந்தக் குழந்தையும் தனித்துத் தெரியாது. ‘சர்க்கரை சேர்க்காத’ கேக் என்று விற்கப்படுவதிலும் மைதா இருக்கிறது. அதற்கும் இன்சுலின் வேண்டும். கருப்பட்டி, வெல்லம், தேன் ஆகியவை தீங்கற்றவை என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை.

விளையாட்டும் தாழ்சர்க்கரையும்

ஓடியாடும் விளையாட்டு சர்க்கரையைக் குறைக்கும். விளையாட்டு தொடங்குமுன் ஒருமுறை பரிசோதியுங்கள். 90க்குக் கீழ் இருந்தால் ஒரு சிறு வாழைப்பழமோ சில பிஸ்கட்டுகளோ கொடுத்த பின்னரே ஆட விடுங்கள். அன்று ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுவது நல்லது. ஓடும் காலில் இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும். கேக்குக்கு முன் அமர்ந்து ஆடும் ஆட்டங்கள், பின்னர் ஓடும் ஆட்டங்கள் என்ற வரிசை பெரும்பாலும் பொருந்திவரும்.

வியர்வை, நடுக்கம், வெளிறிய முகம், காரணமற்ற எரிச்சல், திடீரென ஒதுங்கி அமர்தல் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். விழாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் வியர்க்கும் என்பதால் ஐயம் எழுந்தால் பரிசோதிப்பதே வழி. 70க்குக் கீழ் இருந்தால், 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மேசையில் கேக் இருக்கிறதே என்று அதை ஊட்ட வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், சாக்லேட்டும் அப்படியே. குழந்தை நினைவிழந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்ககான் ஊசி வைத்திருந்தால் மருத்துவர் கூறிய அளவில் செலுத்தி, 108ஐ அழையுங்கள்.

இவற்றையெல்லாம் யார் கவனிப்பது? பெரும்பாலான வீடுகளில் தாயே கவனிக்கிறார். அன்று அடுப்படியிலும் வாசலிலும் நிற்பவரும் அவரே. அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் வேறொருவரைப் பொறுப்பாளராக்குங்கள். தந்தையோ, சித்தியோ, கல்லூரி செல்லும் அண்ணனோ ஆகலாம். குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பொடியும் அவர் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் நினைவூட்டலும் அவருடையது. இருவர் பொறுப்பேற்றால் இருமுறை ஊசி போடும் ஆபத்து உண்டு. ஆதலால் ஒருவரே.

உறவினரிடம் நோயை மறைப்பது, குறிப்பாகப் பெண் குழந்தையாயின், இன்றும் தொடர்கிறது. பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் மறைக்கும் வீட்டில்தான் விருந்தினர் போகட்டும் என்று ஊசி தள்ளிப்போகிறது. “ஒருநாள்தானே, ஊசி இல்லாமல் இருக்கட்டும்” என்ற பரிவுச் சொல்லுக்கும் அங்கே மறுமொழி கிடைப்பதில்லை. இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஊரெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. விழாவில் இருக்கும் பெரியவர்களுள் இரண்டு மூன்று பேருக்காவது தெரிந்திருக்கட்டும். வகுப்பில் மிட்டாய் கொடுப்பதா, பென்சில் கொடுப்பதா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். மிட்டாயைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

விருந்தினர் சென்றபின்னும் இரண்டு வேலைகள் உள்ளன. கிரீமும் எண்ணெயும் மிகுந்த உணவால் சர்க்கரை மூன்று, நான்கு மணி நேரம் கழித்தும் ஏறக்கூடும். இரண்டு மணி நேரத்தில் எண் உயர்ந்திருப்பதைக் கண்டு பதறி மீண்டும் இன்சுலின் போட்டால், முன்னர்ப் போட்டதும் சேர்ந்து நள்ளிரவில் தாழ்சர்க்கரையில் முடியலாம். மருத்துவர் சொன்ன இடைவெளியைக் காத்திருங்கள். படுக்குமுன் ஒருமுறை, விடியற்காலை இரண்டு மணியளவில் ஒருமுறை பரிசோதியுங்கள். நெடுநேரம் விளையாடிய குழந்தைக்கு உறக்கத்தில் சர்க்கரை இறங்குவது உண்டு. 270க்கு மேலேயே நின்று, வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால் கீட்டோன் பார்க்க வேண்டும்; பார்க்க வசதியில்லையெனில் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

குறிப்பேட்டில் அன்றைய எண்களுக்கு அருகே ‘பிறந்தநாள்’ என்று எழுதி, என்ன உண்டது, எத்தனை யூனிட் போட்டது, எவ்வளவு நேரம் விளையாடியது ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். எண்கள் உயர்ந்திருந்தாலும் திருத்தாமல் உள்ளபடியே எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டு வாருங்கள். அடுத்த விழாவுக்கான அளவை அதிலிருந்தே கணக்கிடுவோம்.