சிறைக்கு முன் ஒரு கேள்வி



ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில், பர்க் என்றோர் ஊர் உண்டு. அங்கே பூர்வகுடி வாலிபர் பலர் போலீஸில் சிக்கிய காரணங்களுள் ஒன்று, லைசென்ஸின்றி வண்டி ஓட்டியது. வாலிபர் லைசென்ஸ் பெற, பெரியவர் ஒருவர் துணையோடு 120 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். வீட்டில் வண்டியில்லாத ஏழைப் பிள்ளை என்ன செய்வான்?

2013-ல் ஊர்ப் பெரியவர்களே முன்னின்று "மரங்குகா" என்ற ஏற்பாட்டைத் தொடங்கினர். பிறரைப் பேணுதல் என்பது அச்சொல்லின் பொருள். வண்டி ஓட்டப் பழக்கினர். போலீஸாரோடு கூடிப் பேசி, தடுமாறும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்றனர். 2017-ல் சிறார்மீதான முக்கியக் குற்றச்சாட்டுகள், முந்தின ஆண்டைவிட 38 சதவீதம் குறைந்தன.

படிப்பினை: தண்டிக்குமுன் "ஏன் தவறினான்?" என்று கேட்க வேண்டும். விடையறிந்தவர்கள் அவனை வளர்த்த ஊராரே.