சிறுநீர்ப்பையை எடுத்த பிறகு

அன்புள்ள கயல்விழிக்கு,

சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டவருக்கு அதே புற்றுநோய் மறுபடி எப்படி வரும் என்று கேட்டிருந்தாய். மருத்துவம் படிக்கத் தொடங்கியவளுக்கு எழ வேண்டிய கேள்விதான். சிறுநீரகத்தின் உள்ளறை, அங்கிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய்கள், சிறுநீர்ப்பை எல்லாவற்றின் உட்புறமும் ஒரே வகைத் திசுதான். புகைபிடிப்பவரின் சிறுநீரில் கலக்கும் நச்சு அந்தப் பரப்பு முழுவதையும் நனைக்கிறது. அறுவையில் போவது பை. மேலே உள்ளது அப்படியே இருக்கிறது. அங்கே புற்று தோன்றுவோர் நூற்றில் சிலர்தான். ஆனால் சில ஆண்டுகள் கழித்தும் தோன்றும். சிறுநீர்க்குழாயை வெட்டிய முனையில் புற்றுச்செல் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

புற்று தோன்றிய பக்கச் சிறுநீரகத்தைக் குழாயோடு சேர்த்து எடுத்துவிடுவதுதான் நெடுங்கால வழக்கம். வீரியம் மிகுந்த புற்றுக்கு இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. பை எடுத்தவர்களிடம் தயக்கம் எழுவதற்குக் காரணம் உண்டு. பலருக்குச் சிறுநீரகத்தின் திறன் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஒன்றை இழந்தபின் திறன் மேலும் சரிந்தால், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து தேவைப்படும்போது கொடுக்க முடியாது. மறுபக்கத்திலும் பின்னால் புற்று வரலாம். ஆகவே கட்டி ஒன்றே ஒன்றாக, 2 செ.மீ.க்குக் குறைவாக, வீரியம் குறைந்ததாக இருந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பதே நியாயம்.

ஆனால் கட்டியை எப்படி எட்டுவது?

பை இல்லாதவர்களின் சிறுநீர் வெளியேற, சிறுகுடலின் ஒரு துண்டில் இரு சிறுநீர்க்குழாய்களையும் இணைத்து, அதன் வாயை வயிற்றில் திறந்துவிடும் முறையை 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர அறுவை மருத்துவர் யூஜின் பிரிக்கர் விவரித்தார். இன்றும் பலருக்குச் செய்யப்படுவது அதுதான். வழக்கமாகக் கீழிருந்து மேலேறும் எண்டோஸ்கோப்புக்கு இங்கே வழி சுலபமில்லை. குடல் மடிப்புகளுக்குள் இணைப்பு வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். அது சுருங்கியும் போயிருக்கலாம். அப்போது முதுகுப்புறம் துளையிட்டு நேராகச் சிறுநீரகத்துக்குள் நுழைந்து, கட்டியை லேசரால் எரிக்கிறார்கள். துளையிட்ட வழியில் புற்றுச்செல் சிந்தும் அபாயம் அரிதென்றாலும் இருக்கிறது. நோயாளியிடம் அதையும் முன்பே சொல்ல வேண்டும்.

மருந்திலும் முன்னேற்றம் உண்டு. சிறுநீரகத்துக்குள் செலுத்தும் சாதாரண மருந்துக் கரைசலைச் சிறுநீர் சீக்கிரமே அடித்துக்கொண்டு போய்விடும். குளிரில் திரவமாகவும் உடற்சூட்டில் களியாகவும் மாறும் மைட்டோமைசின் மருந்துக்கு 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. களியானபின் அது மணிக்கணக்கில் அங்கேயே தங்கும். வாரம் ஒன்றாக ஆறு முறை செலுத்திய ஆய்வில், வீரியம் குறைந்த புற்றுள்ள 71 பேரில் 42 பேருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. குழாய் சுருங்கும் தொல்லையும் பலருக்கு வந்தது. முதுகுவழிக் குழாய் மூலமும் இதைச் செலுத்தலாம் என்பது பை இல்லாதவர்களுக்குப் பெரிய வசதி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வீரியம் மிகுந்த புற்றுக்காகப் பை எடுத்திருந்தால், அதையே கூடுதல் ஆபத்தின் அடையாளமாக ஐரோப்பியச் சிறுநீரியல் நெறிகள் கணக்கில் சேர்த்திருக்கின்றன. பயாப்சித் துணுக்கு மிகச் சிறியது. அது வீரியம் குறைவு என்று சொன்னாலும், சிறுநீர்ச் செல் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சிறுநீரகத்தைக் காக்கும் பிடிவாதம் உயிருக்கே ஆபத்து.

காப்பாற்றிய சிறுநீரகத்தில் கட்டி திரும்ப வருவது சகஜம். அதனால் எண்டோஸ்கோப்பும் ஸ்கேனும் ஆண்டுக்கணக்கில் தொடரும். வார்டில் இத்தகையவரைப் பார்க்கும்போது, வயிற்றில் பொருத்திய சிறுநீர் சேகரிப்புப் பையில் ரத்தம் தெரிந்ததா, விலாவுக்குக் கீழே வலித்ததா என்று மறக்காமல் கேள். ஒரே ஒரு முறைதான் என்று சொன்னாலும் அன்றே மூத்த மருத்துவரிடம் தெரிவி.

அன்புடன்,
அத்தை