தில்லியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது எப்படி? புதிதாக வழிகாட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

தில்லிப் பல்கலைக்கழகத்திலோ ஜே.என்.யூ.விலோ சேர்ந்த தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் "படிப்பே ஓடல அண்ணா" என்றதும், நம்மில் பலர் அறிவுரையை ஆரம்பித்துவிடுகிறோம். எது குறைகிறது என்று தெரியாமல் சொல்லும் அறிவுரை பலிக்காது. அதைக் கண்டுபிடிக்கத் தேவைகள் பற்றிய உளவியல் கைகொடுக்கும்.

படி 1: இரண்டு கோட்பாடுகள்

உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளை ஐந்தாக வகுத்தார்: உடல் தேவை, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன் திறமையை முழுமையாக வெளிக்கொணர்வது. இந்த வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது என்றும் அவரே எழுதினார். பின்னால் வந்த எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மூன்றை வலியுறுத்தினார்கள்: தானே முடிவெடுப்பது, 'என்னால் முடியும்' என்ற உணர்வு, மனிதர்களோடு ஒட்டுதல்.

படி 2: சாப்பாடு, தூக்கம், குளிர்

"சாப்ட்டியா?" என்று கேட்டால் "சாப்ட்டேன்" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்ட்டே? எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேளுங்கள். மெஸ்ஸில் ராஜ்மாவும் சப்பாத்தியும் பிடிக்காமல் பாதித் தட்டில் எழுந்துவிட்டு, பிஸ்கட்டில் இரவை ஓட்டுவது அப்போதுதான் வெளியே வரும். ரஜாய் என்னும் தடித்த போர்வையும் ஸ்வெட்டரும் டிசம்பருக்கு முன்பே வாங்கியாயிற்றா என்றும் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால், நவம்பர் புகைமூட்டத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: பாதுகாப்பு

விடுதியில் இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பலர் கமலா நகர், விஜய் நகர், சத்ய நிகேதன் பக்கம் பி.ஜி. எனப்படும் வாடகைத் தங்குமிடங்களில் இருக்கிறார்கள். அட்வான்ஸுக்கு ரசீது, எழுத்தில் ஒப்பந்தம் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ராகிங் தொல்லை என்றால் யு.ஜி.சி.யின் 1800-180-5522 எண்ணில் புகார் செய்யலாம்.

படி 4: உறவு

இந்தி தெரியாதவருக்கு ஆட்டோ பேரமும் வீட்டுக்காரர் பேச்சும் தினசரிச் சோதனை. தமிழ்ச் சூழலுக்கு, 1946இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கமும் மலை மந்திர் முருகன் கோயிலும் ஆர்.கே. புரத்தில் இருக்கின்றன. ஒரு ஞாயிறு கூட்டிப் போங்கள். அதோடு நிறுத்தாமல், வகுப்பில் ஒரு நண்பர், கல்லூரி மன்றம் ஒன்று என்று அங்கேயும் வேர் பிடிக்கத் தூண்டுங்கள்.

படி 5: திறமையும் முடிவும்

தமிழ்வழியில் படித்தவர் ஆங்கில விரிவுரையில் திணறினால், முழுக் கட்டுரையையும் கேட்காதீர்கள். இந்த வாரம் ஒரு பத்தி எழுதட்டும். அதில் நன்றாக வந்த வரியைச் சுட்டிக்காட்டுங்கள். பாடம் மாற்றுவதா, வேண்டாமா என்றால் இரண்டின் சாதக பாதகங்களையும் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது அவர் நம்பிக்கையைக் குறைத்துவிடும்.

படி 6: நம் எல்லை

பல நாள் தூக்கமின்மை, யாரோடும் பேசாமை, சாவைப் பற்றிய பேச்சு இவற்றைக் கண்டால் தனியாகச் சமாளிக்க நினைக்காதீர்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், 14416 எண்ணில் இரவு பகலாக இயங்குகிறது; தமிழிலும் பேசலாம். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. உங்கள் மாணவரின் கல்லூரியில் ஆலோசகர் யார், எந்த அறை என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இந்த வாரமே, தெரிந்த முதலாண்டு மாணவர் ஒருவருக்குப் போன் போடுங்கள். அறிவுரை பிறகு இருக்கட்டும். படி 2இன் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.