மிக்சருக்குள் ஒரு கிளைப்பாதை

மாணவர்களே, பள்ளி மண்டபத்தில் ஆசிரியர் தின விழா நடந்தால் மிக்சர் மேசையில் உங்களில் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். பாடுபவரின் சொற்கள் எதிரொலியில் கரைந்து யாருக்கும் புரியாமல் போனால், எல்லாத் தலைகளும் அந்த மேசைப் பக்கம் திரும்பும். அதனால் அக்கருவியின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒலிவாங்கி தரும் மின்னலையை டிஜிட்டல் மிக்சர் பெரும்பாலும் வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. பிறகு எல்லாம் கணக்குத்தான். ஒலியளவை மாற்றுவது பெருக்கல். இரண்டு குரல்களைக் கலப்பது கூட்டல்.

குரலுக்கு எதிர்முழக்கம் சேர்க்கும் பகுதிக்கு ரிவெர்ப் என்று பெயர். பத்துப் பேர் பாடினாலும் ஒரு ரிவெர்ப் போதும். ஒவ்வொரு குரலும் நேர்ப்பாதையில் ஒலிபெருக்கிக்குப் போகும். அதன் நகல் ஒன்று கிளைப்பாதையில் ரிவெர்ப்புக்குப் போய், தனி வழியில் திரும்பி வந்து கலக்கும். வாய்க்காலில் மடை திறந்தால் நீர் குறையும். இங்கே போவது நகல் என்பதால் குரல் குறையாது.

கிளை எங்கே பிரிகிறது என்பது முக்கியம். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசைக்கு ஃபேடர் என்று பெயர். ஃபேடருக்கு முன்பே கிளை பிரிந்தால், ஃபேடரை முழுதும் இறக்கிய பின்பும் ரிவெர்ப் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆள் போய்விட்டார், ஆவி பாடுகிறது! எனவே ரிவெர்ப்புக்கு ஃபேடருக்குப் பின்னும், மேடையில் பாடுபவர் தம் குரலைக் கேட்கும் ஒலிபெருக்கிக்கு ஃபேடருக்கு முன்னும் பிரிப்பது வழக்கம். ரிவெர்ப்பிலிருந்து திரும்பும் ஒலியை மறுபடி அதே ரிவெர்ப்புக்கு அனுப்பாதீர்கள். அது சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையிடும்.

எவ்வளவு ரிவெர்ப் வேண்டும்? முதலில் மண்டபத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியும் தரையோடும் ஒலியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். துணியும் மனித உடலும் உறிஞ்சும். ஆகவே காலி மண்டபத்தில் செய்த அளவு, கூட்டம் நிரம்பியதும் பொருந்தாது.

இனி மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ காகெஹாஷி ஆகியோரின் முயற்சியால் 1983-இல் வெளிவந்த பொதுமொழி இது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ஸ்டூடியோவில் ஏ.ஆர். ரஹ்மான் ‘ரோஜா’ (1992) பாடல்களை உருவாக்கிய காலத்தில், கீபோர்டையும் கணினியையும் பேச வைத்த மொழியும் இதுவே. மிடி கம்பியில் ஒலி செல்வதில்லை. கட்டளை எண்கள் மட்டுமே செல்கின்றன. 176, 7, 100 என்ற மூன்று எண்களுக்குப் பொருள்: ‘முதல் அலைவரிசையில், ஒலியளவை, 100-க்கு வை.’ அளவுகள் 0 முதல் 127 வரை.

ஓர் எண்ணுக்கு 10 பிட் வீதம் மூன்றுக்கும் 30 பிட். பழைய ஐந்து முனைக் கம்பியில் வினாடிக்கு 31,250 பிட் செல்லும். வகுத்துப் பாருங்கள்: 0.96 மில்லிவினாடி. அதற்குள் நம் ஊர் வெப்பக் காற்றில் ஒலி ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நகர்ந்திருக்கும்.

பல டிஜிட்டல் மிக்சர்களில் ஒவ்வொரு பாடலுக்குமான அமைப்பைச் சேமித்துவைத்து, மிடி வழியே எண்ணை அனுப்பி அழைக்கலாம். சில கருவிகள் 0 முதலும் சில 1 முதலும் எண்ணும். கீபோர்டில் 5 அழுத்தி மிக்சரில் 6 வந்தால், பழுது என்று நினைத்துக் கம்பியைப் பிடுங்காதீர்கள்.